ஒரு ஸ்ட்ரீமரும், எனக்குத் ‘தெரியாத’ அத்தானும்

1

டிஜிட்டல் பாட்டைப் பிரதி எடுத்தால் அதில் கொஞ்சம் ஒலி சிந்திவிடும் என்று நான் நம்பினேன். பாலை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது அடியில் ஒரு மடக்கு ஒட்டிக்கொள்ளுமே, அதைப்போல. ஐம்பத்தொரு வயதில், கண்ணாடி போட்டுக்கொண்டு, முழு நினைவோடு நம்பினேன்.

காரணம் இல்லாமல் இல்லை. என் முட்டாள்தனம் ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் ஒன்று வைத்திருப்பவன் நான். திருத்தங்கலில் ஆஃப்செட் அச்சகத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கே ஃபிலிமிலிருந்து ஃபிலிம் எடுத்தால் புள்ளிகள் ஊதிப்போகும். பட்டாசுப் பெட்டியில் மத்தாப்பு பிடித்துச் சிரிக்கிற பெண் பிள்ளைக்கு மூன்றாவது பிரதியில் மீசை முளைத்துவிடும். படத்துக்கு நடப்பதுதான் பாட்டுக்கும் நடக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். போதாக்குறைக்கு, இணையத்தில் உயர்தர ஆடியோ பைத்தியங்களுக்கென்றே ஒரு குழு இருக்கிறது. அதில் ஒருவர், ஒவ்வொரு பிரதிக்கும் பாடுகிறவர் மேடையில் ஓரடி பின்னால் போய்விடுகிறார் என்று எழுதியிருந்தார். எனக்குப் புல்லரித்துவிட்டது. இப்படியே பத்துப் பிரதி எடுத்தால் பாடகர் கோயில் காம்பவுண்டைத் தாண்டிப் போய்விடுவாரே என்று கவலைப்பட்டேன்.

இதையெல்லாம் இப்போது எழுதவைத்தது ஒரு மின்னஞ்சல். நான் ஸ்ட்ரீமர் வாங்கிய கடையிலிருந்து வந்தது. “எங்களிடம் பொருள் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. அனுபவம் எப்படி? ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை?” என்று மிக மரியாதையான ஜெர்மன் மொழியில் கேட்டிருந்தார்கள். என் ஜெர்மனில் பதில் எழுதினால் பாதி இடத்தை இலக்கணப் பிழையே அடைத்துக்கொள்ளும். அதனால் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். பெட்டியில் குறை ஒன்றும் இல்லை. குறை முழுக்க வாங்கியவனிடம்.

2

நாங்கள் ஜெர்மனிக்கு வந்து பதினான்கு வருடம். என் மனைவி பியூலா நர்ஸ். அவளுக்குத்தான் இந்த நாடு விசா கொடுத்தது. பெட்டிமேல் ஸ்டிக்கர் மாதிரி நானும் ஒட்டிக்கொண்டு வந்தேன். இப்போது ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன். அங்கே பட்டாசுப் பெட்டி அடித்தவன் இங்கே மாத்திரைப் பெட்டி அடிக்கிறேன். பொருள் வேறு, தூசி ஒன்றுதான்.

என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் வீட்டுக்கு ஒருநாள் போனபோது அவருடைய ஸ்பீக்கரில் ஒரு வயலின் கேட்டேன். கெட்டது குடி. அடுத்த மூன்று வருடத்தில் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்தன. கடைசியாகப் பாக்கி இருந்தது ஸ்ட்ரீமர். தெரியாதவர்களுக்கு ஒரு வரியில் சொல்கிறேன்: இணையத்திலோ ஹார்ட் டிஸ்க்கிலோ இருக்கிற பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபையரிடம் கொடுக்கிற பெட்டி. தானாகப் பாடாது. போஸ்ட்மேன் வேலை. ஆனால் எந்தப் போஸ்ட்மேன் வந்தால் கடிதம் இனிக்கும் என்று ஆராய்வதற்கு உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களில் நானும் ஒருவன்.

கடைக்காரர் மூன்று பெட்டிகளை வீட்டில் வைத்துக் கேட்டுப்பார்க்கக் கொடுத்தார். முதலாவது வெள்ளிப் பேழை மாதிரி இருந்தது. இணையத்தில் உள்ள பாட்டை மட்டும் பாடும். இரண்டாவது, போனில் ஓர் ஆப் வைத்துத் தட்டினால்தான் எழுந்திருக்கும். எழுந்ததும் “எனக்குப் புதுப்பிப்பு வேண்டும்” என்று இருபது நிமிடம் படுத்துவிடும். மூன்றாவது கறுப்பாக, பழைய தகர டிரங்க் மாதிரி இருந்தது. அதன் முதுகில் டிஸ்க் சொருக ஓர் ஓட்டை உண்டு.

தீர்ப்புச் சொல்ல வீட்டில் இரண்டு நீதிபதிகள். ஒரு துணியைப் போட்டுப் பெட்டிகளை மூடி, ஒவ்வொன்றாக ஓடவிட்டேன்.

“இதுல எது நல்லாருக்கு?” என்றேன்.

பியூலா காலை ட்யூட்டி முடிந்து வந்து சோபாவில் சாய்ந்திருந்தாள். “ரெண்டாவதுல நான் தூங்கிட்டேன். அப்ப அதுதான் நல்ல பெட்டி” என்றாள்.

மகள் ஷாரனுக்குப் பதினாறு வயது. போனை வயிற்றின் மேல் வைத்து, அதன் கடுகு ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்பவள். “அப்பா, மூணும் ஒரே மாதிரிதான் இருக்கு. நீங்க பெட்டி மாத்துறப்ப மூச்சு வாங்குறீங்க. அந்தச் சத்தம்தான் வேற வேற” என்றாள்.

கடைக்காரரிடம் போய்ப் புலம்பினேன். அவர் ஒரே கேள்வி கேட்டார். “நீங்கள் கேட்க ஆசைப்படுகிற பாட்டு இணையத்தில் இருக்கிறதா, உங்கள் கையில் இருக்கிறதா?”

அப்போதுதான் எனக்கு எஸ்தர் அக்கா ஞாபகம் வந்தது.

3

எஸ்தர் என் ஒரே அக்கா. திருத்தங்கலில் பள்ளிக்கூட ஆசிரியை. இருபது வருடம் எங்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்று பாடியவள். ஆறு வருடத்துக்கு முன்னால் தொண்டையில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. குரல் மட்டும் திரும்பவில்லை. “இப்ப நான் பேசுறது அறுந்த பெல்ட்டு மாதிரி இருக்குலே” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அன்றையிலிருந்து பாடகர் குழுப் பக்கம் போவதில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட்டு நேரத்தில் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருப்பாளாம்.

அவளுடைய வீட்டுக்காரர் தங்கராஜ் அத்தான் மைக்செட் வைத்திருக்கிறார். கல்யாணம், கட்சிக் கூட்டம், கோயிலில் ஊரே கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகை எதுவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான். அக்கா பாடிய பண்டிகைகளில் எல்லாம் மிக்ஸரிலிருந்து நேராக ஒரு டிஸ்க்கில் பதிந்துவைத்திருந்தார். பதினான்கு பாட்டு. கூட்டத்து இருமல், குழந்தை அழுகை ஒன்றும் இல்லாமல் குரல் மட்டும்.

மூன்றாவது பெட்டியையே வாங்கினேன். அத்தானுக்குப் போன் போட்டு அதைப் பற்றிச் சொன்னேன்.

“மாப்ள, அப்ப நம்ம டிஸ்க்க அதுல சொருகலாமா?” என்றார் அத்தான்.

“சொருகலாம் அத்தான். அதுக்குன்னே பின்னாடி வச்சிருக்கான்.”

“ஏ, அப்ப ஒண்ணு செய்வோம். ஒங்கக்கா மே மாசம் ரிட்டையர் ஆகுறா. ஸ்கூல்ல விழா. நான்தான் மைக்செட்டு. அன்னைக்கி நீ அங்கன இருந்து வீடியோல வந்து அவ பாட்டப் போடு. நான் இங்கன குழாயில விடுதேன். தெருவே கேக்கட்டும். ஆனா அவகிட்ட மூச்சு விட்றாத.”

யோசித்துப் பாருங்கள். வடிகட்டி, சுத்திகரித்து, ஜெர்மன் ஸ்பீக்கரில் வருகிற ஒலி ஒரு போனுக்குள் நுழைந்து, கடல் தாண்டி, இன்னொரு போனில் வெளியேறி, திருத்தங்கலில் குழாய் ஸ்பீக்கரில் போய் விழும். இதில் பிழை இருப்பதாக எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. டிஸ்க்கை அவரிடமே வைத்துக்கொண்டு அவரே குழாயில் விட்டிருக்கலாம் என்பதும் தோன்றவில்லை. என் பெட்டியில் பாடினால்தான் அக்காவின் பாட்டுக்குக் கௌரவம் என்று நான் நினைத்தேன். அவரும் அதையே நினைத்தார், பாவம்.

“ஒரு காப்பி எடுத்து அனுப்பட்டா? என்கிட்ட இந்த டிஸ்க்கு ஒண்ணுதான் இருக்கு. கம்ப்யூட்டரு போன மழையிலயே மண்டையப் போட்டுருச்சு” என்றார்.

“அய்யய்யோ, காப்பி எடுத்துராதீக அத்தான். சத்தம் தேஞ்சிரும். ஒரிஜினலையே அனுப்புங்க.”

“அதுஞ்சரிதான். கேசட்டுல ரெண்டாங் காப்பியே இஸ்ஸுன்னுதான கேக்கும்” என்றார்.

அச்சகக்காரன் ஒருவன், மைக்செட்டுக்காரர் ஒருவர். இரண்டு பேரும் அவரவர் தொழில் அறிவைப் போட்டு இந்த முடிவுக்கு வந்தோம்.

4

எங்கள் பக்கத்தில் எதையும் பொதிய வேஸ்ட் ஷீட்தான். அச்சு சரியாக விழாத, கலர் விலகிய லேபிள் தாள்கள். பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை அதுதான், அலமாரித் தட்டுக்கு விரிப்பு அதுதான், பரோட்டாப் பொட்டலத்துக்கு மேல்சுற்றும் அதுதான். நான் ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டில் ஒரு வருடம் முழுக்க அணுகுண்டு லேபிளைப் போட்டுக்கொண்டு திரிந்தவன். யாருக்கும் அது வெடியாகத் தெரியாது. தாள், அவ்வளவுதான்.

அத்தான் பட்டாசு அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி ஒட்டினார். வெளியே பார்த்தால் சாதாரணப் பழுப்பு அட்டை. உள்ளே டிஸ்க்கைச் சுற்றி நாற்பது ஐம்பது வேஸ்ட் ஷீட். சிவகாசிப் பக்கத்துத் தபால் கவுண்டர்களில் எந்தப் பெட்டியையும் நாலு தடவை முகர்ந்து பார்ப்பார்கள் என்று, பஸ் ஏறி விருதுநகர் போய் அங்கே பதிவு செய்தார். கவுண்டரில் இருந்த பெண் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, சிரித்து, அவளே டேப் ஒட்டிக் கொடுத்தாளாம். பிரித்து வைத்திருந்த கோலத்தில் எனக்குப் படம் அனுப்பினார். டிஸ்க் நடுவில் குட்டியாக இருந்தது. சுற்றிலும் ராக்கெட், சீறுகிற சிங்கம், பெரிய ஆங்கில எழுத்தில் பாம், பாம், பாம்.

“எம்புட்டு ஒயரத்துல இருந்து போட்டாலும் ஒண்ணும் ஆவாது மாப்ள” என்று குரல்பதிவும் வந்தது.

நான் கட்டைவிரலை உயர்த்திப் பதில் போட்டேன்.

5

மூன்று வாரம் கழித்துச் சுங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

இந்த நாட்டில் கடிதம் என்றாலே எனக்குப் பயம். பல் டாக்டர் ‘ஆறு மாதம் ஆயிற்று, வாருங்கள்’ என்று போடுகிற அட்டையைக்கூட நின்றுகொண்டுதான் படிப்பேன். வந்த புதிதில் நெஞ்செரிச்சலுக்கு டாக்டரிடம் போய், எனக்கு ஆபத்தோ என்று பயமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, ‘நான் ஆபத்தானவன்’ என்று சொல்லிவிட்டு வந்தவன். அந்த டாக்டர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஷாரனிடம் கொடுத்தால் அரை நிமிடத்தில் படித்துச் சொல்லியிருப்பாள். ஒன்பது வயதிலிருந்து எங்கள் வீட்டுக் கடிதங்களை அவள்தான் படித்துச் சொன்னாள். பதினைந்து வயதில் ஒருநாள், “அப்பா, இத்தனை வருஷம் ஆச்சு, இதுகூடவா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. சும்மாதான் கேட்டாள். அன்றையிலிருந்து நான் அவளிடம் கடிதம் கொடுப்பதில்லை.

முன்பக்கத்தில் என் பெயர், பார்சல் எண், நேரில் வரவும், சோதனை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல். அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆயுதம். போதைப்பொருள். வெடிபொருள்.

அவ்வளவுதான். மீதியை நான் படிக்கவில்லை. முன்பக்கத்தின் கடைசிப் பத்தியைக்கூடப் படிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்போது எங்கள் குடியுரிமை விண்ணப்பம் அலுவலகத்தில் இருந்தது. இரண்டு வருடக் காத்திருப்பு. அடுத்த மாதம் நேர்காணல். அத்தான் அனுப்பிய படத்தை எடுத்துப் பார்த்தேன். பாம், பாம், பாம். அந்தத் தாள்களை வரிசையாக மேஜையில் அடுக்கி, ஐந்து அதிகாரிகள் சுற்றி நின்று, மொழிபெயர்ப்பாளரை வைத்து என்னை விசாரிப்பது மாதிரி மனக்கண்ணில் ஒரு படமே ஓடியது. பியூலாவின் வேலை போகிறது. ஷாரனைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிறார்கள். நான் கையில் விலங்கோடு, “இது நோட்டுக்கு அட்டை போடுகிற தாள் ஐயா” என்று கதறுகிறேன். தாளில் துளி வெடிமருந்துகூடக் கிடையாது, அது வெறும் மை என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் நான். இதே மாதிரித் தாள்களை நானே அடித்திருக்கிறேன். அந்த நான் போனில் இருந்த படத்தை அழித்தேன். அப்புறம் குரல்பதிவை அழித்தேன். அழித்த பிறகு, அழித்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பும் என்று தோன்றி, குளியலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

6

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுப் போனேன். கவுண்டரில் நரைத்த முடியோடு ஓர் அம்மா இருந்தார். கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. பெட்டியைக் கொண்டுவந்து, கத்தியால் டேப்பைக் கீறி, என் முன்னாலேயே திறந்தார். சிங்கம் வெளியே வந்தது. ராக்கெட் வந்தது. பிறகு மத்தாப்பு பிடித்த பிள்ளை.

அவர் ஒரு தாளை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். “அழகாக இருக்கிறதே” என்றார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார். என் காதில் அது விசாரணையின் முதல் தந்திரமாக விழுந்தது.

“இதன் மதிப்பு என்ன? பில் ஏதாவது...” என்று ஆரம்பித்தார்.

நான் முடிக்க விடவில்லை. “எனக்கு இது தெரியாது” என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “பெறுபவர் பெயர் உங்களுடையதுதானே? அனுப்பியவரைத் தெரியுமா?” அத்தானின் பெயரைக் கஷ்டப்பட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். தங்கராஜ் என்பது அவர் வாயில் மூன்று துண்டாக வந்தது.

“தெரியாது.”

“இந்த ஊர்? உங்கள் ஊர் இல்லையா?”

“இல்லை. நான் சென்னை.”

மூன்று தடவை. ஓய்வுநாள் பள்ளியில், சேவல் கூவுமுன் குருவை மூன்று தடவை தெரியாது என்ற சீடன் கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. சென்னையில் நான் மொத்தமாக இருந்தது விசாவுக்காக நான்கு நாள்.

அவர் ஒரு படிவத்தை எடுத்தார். பார்சலைப் பெற மறுக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். கீழே இரண்டு கட்டங்கள். ஒன்று, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புவது. மற்றது, அழித்துவிடுவது.

“திருப்பி அனுப்பினால், ‘பெறுபவர் அனுப்பியவரை அறியார்’ என்று சீட்டு ஒட்டிப் போகும்” என்று விளக்கினார்.

அந்தச் சீட்டோடு பெட்டி திருத்தங்கல் போகும். அத்தான் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வார். எனக்கு முதலில் உறைத்தது அதுதான். போலீசும் இல்லை, குடியுரிமையும் இல்லை. அத்தானுக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான். இத்தனை நாளாக இந்த ஓர் இடத்தை மட்டும் பியூலாவிடம்கூட மாற்றித்தான் சொல்லியிருந்தேன்.

இரண்டாவது கட்டத்தில் குறி போட்டேன். அவர், “நிச்சயமாகவா?” என்று கேட்டார். “நிச்சயமாக” என்றேன். பதினான்கு வருடத்தில் நான் பிழையில்லாமல் உச்சரித்த ஜெர்மன் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

வெளியே வந்து டிராம் ஏறினேன். அத்தானிடம் எப்படியும் இன்னொன்று இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது நிறுத்தத்தில்தான், காப்பி எடுக்க வேண்டாம் என்று சொன்ன குரல் என்னுடையது என்பது நினைவுக்கு வந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். போனால் பொய் சொன்னதை ஒப்புக்கொள்ள வேண்டும். இறங்கவில்லை.

7

அடுத்த திங்கள்கிழமையல்ல, அதற்கும் அடுத்த திங்கள்கிழமை ஷாரன் ஸ்ட்ரீமரின் கையேட்டைத் தேடியபோது அதற்குள் இருந்து கடிதம் விழுந்தது.

“அப்பா, இது என்ன? பார்சலுக்கு பில் கொண்டு வாங்கன்னு இருக்கு. பில் இல்லன்னா, என்ன விலைன்னு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு வரலாமாம்.”

“பின்பக்கம் பாரு.”

“பின்பக்கம் எல்லா லெட்டருக்கும் வரும்பா. அம்மாவுக்கு எஸ்தர் அத்தை செருப்பு அனுப்பினாங்கல்ல, அதுக்கும் இதே லிஸ்ட்தான் வந்துச்சு. பார்சல் எங்க?”

சொன்னேன். முழுக்கச் சொல்லவில்லை, ஆனால் அவள் கேள்வி கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்துவிட்டது. நின்றுகொண்டிருந்தவள் உட்கார்ந்தாள்.

“மாமாவத் தெரியாதுன்னு சொன்னீங்களா?”

“பயத்துல சொல்லிட்டேன்மா.”

“யாருக்குப் பயந்து? அந்த ஆன்ட்டிக்கா?”

போனை எடுத்து அவளே சுங்க அலுவலகத்தைக் கூப்பிட்டாள். ஆற்றில் தண்ணீர் ஓடுவது மாதிரி ஜெர்மன் பேசினாள். என் மகள் எனக்காகக் கெஞ்சுகிறாள் என்பது மொழி முழுதாகப் புரியாமலே எனக்குப் புரிந்தது. வைத்துவிட்டுச் சொன்னாள். “முடிஞ்சிருச்சாம்பா. போன புதன்கிழமையே.”

அப்புறம் அவள் அறைக்குள் போய்விட்டாள். அன்றைக்கு அவள் போனிலிருந்து ஒரு பாட்டுச் சத்தமும் வரவில்லை.

8

இதோடு நிறுத்தியிருந்தால் நான் வெறும் கோழை. ஐந்து வாரம் அத்தானிடம் பொய் சொன்னேன். அதற்கு என்ன பெயர் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

“பார்சலு வந்துருச்சா மாப்ள?”

“இன்னும் வரல அத்தான்.”

“நம்பரப் போட்டுப் பாத்தா கஸ்டம்ஸ்லயே நிக்கிதுங்காகளே?”

“இங்க லேட்டாத்தான் அத்தான் விடுவாக.”

அவர் பஸ் ஏறி விருதுநகர் போனார். ஏப்ரல் வெயில். ரசீதைப் பாலிதீன் பையில் போட்டு, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நாலு தடவை போய் வந்தார். நாலாவது தடவை போய்விட்டு வந்து கூப்பிட்டார்.

“மாப்ள, அந்தக் கவுண்டருல இருக்குற பிள்ள மேலதான் எனக்குச் சந்தேகம். டேப்பு ஒட்டுறேன்னு அவளாத்தான வாங்குனா? அப்பவே டிஸ்க்க உருவியிருப்பா.”

“சேச்சே, அப்பிடியெல்லாம் இருக்காது அத்தான்.”

“நீ ஊர விட்டுப் போயி வெள்ளந்தியாயிட்ட. எழுதிக் குடுத்துட்டேன் மாப்ள, மேலதிகாரிக்கு. விசாரண வச்சிருக்காக. இன்னும் வேல நிரந்தரம்கூட ஆகலயாம் அவளுக்கு. அழுதா. அழுதா விட்ருவேனா? எஸ்தரு பாட்டுய்யா. அந்தப் பிள்ள வேலைக்கு வேட்டு வைக்காம விடுறதில்ல.”

நான் “ம்” என்றேன். பெயர்கூடத் தெரியாத ஒரு பெண் என் பொய்க்காக அழுதாள் என்று கேட்டுவிட்டு, “ம்” என்றேன். சாப்பிட்டேன். வேலைக்குப் போனேன். இரண்டு நாள் அப்படி இருந்தேன்.

அந்த இரண்டு நாளும் என் வீட்டில் ஸ்ட்ரீமர் பிரமாதமாகப் பாடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகக் கேட்டது.

9

மூன்றாம் நாள் மத்தியானம் போன் போட்டேன். எடுத்தது அக்கா.

“ஏலே, என்ன இந்நேரம்? சாப்ட்டியா? அவுக குளிக்காக.”

அவள் குரலைக் கேட்டதும், அத்தானுக்காக நான் எழுதி வைத்திருந்த வசனமெல்லாம் போய்விட்டது. அவளிடமே சொன்னேன். டிஸ்க், பெட்டி, கடிதம், கவுண்டர், கட்டம். அவளுக்குத் தெரியக்கூடாது என்று அத்தான் காத்த ரகசியம் அந்த வழியில்தான் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது.

“எம் பாட்டா?” என்றாள்.

“ஆமாக்கா. பதினாலு.”

“அதையெல்லாமா இவுக வச்சிருந்தாக?” அப்புறம்தான் கேட்டாள்: “வேற எங்கயாவது இருக்கா?”

“இல்லக்கா. காப்பி எடுக்க வேண்டாம்னு நான்தான் சொன்னேன்.”

பின்னால் குழாயில் தண்ணீர் விழுவதும் நிற்பதும் கேட்டது.

“அவுகளத் தெரியாதுன்னா சொன்ன?”

“ஆமாக்கா.”

“ஊரையும் தெரியாதுன்னுட்ட?”

“ஆமா.”

“தெரியும்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பாகலே?”

“பில் கேட்டிருப்பாக. அம்புட்டுதான்.”

அக்கா சிரிக்கிறாளா, இருமுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். “நான் சொல்ல மாட்டேன். அவுக வந்துட்டாக. நீயே சொல்லு” என்று போனைக் கொடுத்துவிட்டாள்.

அத்தானிடம் முதலிலிருந்து சொன்னேன். நான் வேடிக்கையாகச் சொல்லப் பார்த்த இடங்களிலும் அவர் சிரிக்கவில்லை. முடித்தபின், “அத்தான், இருக்கீகளா?” என்று கேட்டேன்.

“இருக்கேன்” என்றார். “அந்தப் பிள்ளைய நான் திருடிங்கிற மாதிரி பேசிட்டேன் மாப்ள. கூட்டத்துல வச்சு. நாளைக்கு முத பஸ்ஸுக்குப் போவணும்.”

“நான் வேணா அவங்களுக்கு ஒரு லெட்டர்...”

“வேண்டாம். நான் போய்க்கிடுதேன்.”

போனார். கொடுத்த புகாரை எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெற்றார். அவளிடம் மன்னிப்புக் கேட்டார். என்ன காரணம் சொன்னீர்கள் என்று நான் கேட்டதற்கு, “எம்மேல தப்புன்னு சொன்னேன்” என்றார். என் பெயரை அவர் சொல்லவில்லை.

மே மாதம் பள்ளிக்கூட விழா நடந்தது. அத்தான்தான் மைக்செட். தலைமையாசிரியர் பேசினார், பொன்னாடை போர்த்தினார்கள், அக்கா இரண்டு வார்த்தை நன்றி சொல்லி உட்கார்ந்தாள். என்னை வீடியோவில் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா பாடியதில் இப்போது மிஞ்சியிருப்பது, கோயிலில் யாரோ போனில் எடுத்த பழைய வீடியோ ஒன்றுதான். அதில் அக்காவைவிட ஃபேன்தான் அதிகம் பாடுகிறது.

குடியுரிமை நேர்காணலில் பார்சலைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அத்தான் இப்போதும் பேசுகிறார். சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று கேட்பார். எதையும் அனுப்புவதாகச் சொல்வதில்லை.

பிரதி எடுத்தால் பாட்டு தேயாது. அக்காவின் பதினான்கு பாட்டுகளும், என்னுடைய கையெழுத்தின்பேரில், பார்சலோடு அழிக்கப்பட்டன. அவற்றுக்கு வேறு பிரதி இல்லை.